இணையத்தில் அவதூறு: நீக்குவதற்குச் சட்டம் காட்டும் வழிகள்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுவில் சட்ட உதவிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





பொதுக்குழு என்றால் வரவு செலவும், கட்டடப் பணியும், மதரஸாவின் தேர்ச்சியும் பேசப்படுவது வழக்கம். இவ்வாண்டு சட்ட உதவிக் குழுவினராகிய எங்களை, இணையத்திலும் கைப்பேசியிலும் பரவும் அவதூறை நீக்குவதற்குச் சட்டத்தில் என்ன வழி உள்ளது என்று எடுத்துரைக்குமாறு நிர்வாகம் பணித்தது. இத்தலைப்பு ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதைத் தாங்கள் அனைவரும் அறிவீர்கள்.

நாம் வாழ்வது பாஞ்சாலங்குறிச்சி மண். கட்டபொம்மனை 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் தூக்கிலிட்ட கும்பினியார், அவரைக் கலகக்காரர் என்றே தம் ஏடுகளில் எழுதினர். 1801-இல் கோட்டையையும் இடித்துத் தரைமட்டமாக்கினர். இன்று நாம் காணும் நினைவுக் கோட்டை 1974-இல் எழுப்பப்பட்டது. அதிகாரம் உள்ளவர்கள் எழுதிய ஒரு சொல்லை மாற்றி எழுத, இம்மண்ணின் மக்களுக்குத் தலைமுறைகள் தேவைப்பட்டன. நமக்கு அவ்வளவு அவகாசம் இல்லை. அவதூறுக்கு இழப்பீடு கோரி உரிமையியல் வழக்குத் தொடரச் சட்டம் தரும் காலம் ஓராண்டு மட்டுமே. அந்த ஓராண்டை நாம் எப்படி வீணடித்தோம் என்பதிலிருந்தே இவ்வுரையைத் தொடங்குகிறோம்.

நமக்கு நேர்ந்தது

மையவாடிச் சுற்றுச்சுவருக்கு வசூலான பணத்தை நமது பொருளாளர் கையாடிவிட்டார் என்று ஒரு காணொளி பரவியது. முகம் காட்டாமல் குரல் மட்டும் பேசியது. பதிவிட்டவர் புனைபெயரில் ஒளிந்திருந்தார். ஆனால் கொத்தனார் கூலிக்கும், செங்கல், சிமெண்டுக்கும் உரிய ரசீதுகள் அனைத்தும் கோப்பில் இருந்தன. அவற்றை நாங்களே சரிபார்த்துள்ளோம். குற்றச்சாட்டு முழுப் பொய்.

அப்பொழுது நாம் என்ன செய்தோம்? இளைஞர்கள் கோபமுற்று அக்காணொளியின் கீழே பதில்மேல் பதில் எழுதினார்கள். ஒவ்வொரு பதிலும் அதைப் புதியவர் கண்ணில் கொண்டுபோய்ச் சேர்த்தது. "பாருங்கள், எப்படிப் பேசுகிறான்" என்று சொல்லி நம்மவர்களே அதைக் குழுக்களில் அனுப்பினார்கள். பொருளாளரோ வெட்கத்தினால் தம் கைப்பேசியில் வந்ததை அழித்துவிட்டார். எந்த முகவரியில், எந்த நாளில் வெளியானது என்பதை ஒருவரும் குறித்து வைக்கவில்லை. சில வாரங்களில் அது மறைந்து, வேறொரு பெயரில் மீண்டும் முளைத்தது. முன் ஸஃப்பில் நிற்கும் அம்மனிதர் கடைசி ஸஃப்புக்குப் போனார். பேசி முடித்திருந்த அவர் மகளின் சம்பந்தம் நின்றுபோயிற்று. "அத்தா பள்ளிக்குப் போவதையே குறைத்துக்கொண்டார்" என்று அப்பெண் எங்கள் வீட்டாரிடம் சொன்ன பிறகுதான் நமக்கு விழிப்பு வந்தது.

கோவில்பட்டியில் வழக்கறிஞர் ஒருவரைக் கண்டபோது பதினொரு மாதங்கள் கடந்திருந்தன. அவர் கேட்ட முதல் கேள்வி, "பதிவு எங்கே?" என்பது. இரண்டாவது, "முதன்முதலில் என்று வெளியானது?" என்பது. இரண்டுக்கும் நம்மிடம் விடை இல்லை.

முதற்படி: அழிப்பதற்கு முன் பாதுகாத்தல்

எனவே முதற்பாடம் இதுவே. அவதூறைக் கண்டவுடன் அதை நீக்க ஓடாதீர்கள். முதலில் அதைச் சான்றாக்குங்கள். திரையைப் படமெடுங்கள். பதிவின் முழு இணைய முகவரியையும், பதிவிட்ட கணக்கின் பெயரையும், கண்ட நாளையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காணொளியை முழுமையாகச் சேமியுங்கள். அது வந்த கைப்பேசியை மாற்றவோ விற்கவோ வேண்டாம். படித்துவிட்டு நம்மைப் பற்றிய எண்ணம் மாறியவர்கள் யார் யார் என்பதையும் எழுதி வையுங்கள். பின்னாளில் அவர்களே சாட்சிகள்.

படம் எடுத்துவிட்டால் மட்டும் நீதிமன்றம் ஏற்றுவிடாது. மின்னணுச் சான்றின் நகலை முன்வைக்கும்போது அதற்குரிய சான்றிதழ் இணைக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. 2020-இல் மீண்டும் அதை உறுதி செய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவு இச்சான்றிதழுக்குப் படிவமே வகுத்துள்ளது. இதை வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார். ஆனால் மூலப்பதிவைக் காப்பது நம் வேலை.

காலக்கெடுவைப் பற்றியும் தெளிவு வேண்டும். 1963-ஆம் ஆண்டின் காலவரைச் சட்டப்படி, எழுத்து வடிவ அவதூறுக்கு இழப்பீடு கோரும் வழக்கை அது வெளியான நாளிலிருந்து ஓராண்டுக்குள் தொடுக்க வேண்டும். "இணையத்தில் இன்றும் இருக்கிறதே, எனவே இன்றும் வழக்குப் போடலாமே" என்று சிலர் எண்ணலாம். 2013-இல் டெல்லி உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. முதலில் வெளியிட்ட நாளே கணக்கு என்றது. பதிவு கிடக்கிறது என்பதற்காகக் காலம் நமக்காகக் காத்து நிற்பதில்லை.

இரண்டாம் படி: தளத்திடம் முறையிடுதல்

2021 பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, முகநூல், யூடியூப் போன்ற ஒவ்வொரு தளமும் ஒரு குறைதீர் அலுவலரை நியமித்து, அவருடைய பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும். புகாரை அவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். குறித்த காலத்திற்குள் முடிவும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் 15 நாள் என்றிருந்த இக்கெடு, பின்வந்த திருத்தங்களில் பலவகைப் புகார்களுக்குக் குறுக்கப்பட்டுள்ளது. அவருடைய முடிவில் மனநிறைவு இல்லையெனில், 2023 ஜனவரியில் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவிடம் 30 நாட்களுக்குள் இணையவழியிலேயே முறையிடலாம். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

இவ்விடத்தில் பலர் ஏமாற்றம் அடைகிறார்கள். நாமும் அடைந்தோம். "இது அவதூறு, நீக்குங்கள்" என்று எழுதினோம். "நீதிமன்ற ஆணை கொண்டுவாருங்கள்" என்று பதில் வந்தது. அலட்சியமான பதில் என்று அன்று கொதித்தோம். பின்னர்தான் அதன் காரணம் புரிந்தது. 2015 மார்ச் 24-இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை முற்றாக ரத்து செய்தது. அதே தீர்ப்பில் 79-ஆம் பிரிவுக்கும் விளக்கம் அளித்தது. நீதிமன்ற ஆணையோ உரிய அரசு அறிவிக்கையோ வந்த பிறகு நீக்கத் தவறினால்தான் தளம் சட்டப் பாதுகாப்பை இழக்கும் என்பது அவ்விளக்கம். கோடிக்கணக்கான பதிவுகளில் எது பொய், எது மெய் என்று ஒரு நிறுவனம் தானே நீதிபதியாக அமர்ந்து தீர்ப்பளிக்க இயலாது என்பதே அதன் கருத்து. 2022 அக்டோபர் திருத்தத்தில், தளங்கள் தடுக்க முயல வேண்டிய பதிவுகளின் பட்டியலிலிருந்து அவதூறு என்ற சொல்லும் எடுக்கப்பட்டது.

ஆகவே புகாரில் "எங்கள் மனம் புண்பட்டது" என்று மட்டும் எழுதுவது பயன் தராது. போலிக் கணக்கா, பிறர் பெயரில் ஆள்மாறாட்டமா, திருத்தப்பட்ட படமா, வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் வெளியிடப்பட்டுள்ளனவா, மதப்பகைமையைத் தூண்டுகிறதா என்று பார்த்து, பொருந்தும் காரணத்தைக் குறிப்பிட வேண்டும். அவ்வகைப் புகார்களில் நீதிமன்ற ஆணை இன்றியே தளம் செயல்படக் கடமைப்பட்டுள்ளது. பெண்களின் அந்தரங்கப் படமோ, உருவை மாற்றிப் பொருத்திய படமோ என்றால் மிகக் குறுகிய நேரத்திற்குள் நீக்கியாக வேண்டும்.

மூன்றாம் படி: உரிமையியல் நீதிமன்றம்

வெறும் அவதூறு என்னும்போது முதன்மையான வழி உரிமையியல் நீதிமன்றமே. முதலில் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பப்படும். எந்தச் சொற்கள் பொய், அவை ஏன் பொய், எத்தனை நாளில் நீக்கி வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்பதை அது சொல்லும். பல விவகாரங்கள் இந்த ஒரு தாளிலேயே முடிந்துவிடுகின்றன.

முடியாவிட்டால் பதிவை நீக்கவும், மீண்டும் பதிவிடாமல் தடுக்கவும் உறுத்துக் கட்டளை கோரியும், இழப்பீடு கோரியும் வழக்குத் தொடரலாம். பதிவிட்டவரோடு தளத்தையும் எதிர்வாதியாகச் சேர்த்தால், ஆணை இருவரையும் கட்டுப்படுத்தும். பதிவிட்டவர் யாரென்று தெரியாதபோதும் வழி உண்டு. பெயர் தெரியாத எதிர்வாதியை "அசோக் குமார்" என்ற பொதுப்பெயரில் சேர்த்து வழக்குத் தொடுக்கும் முறை நம் நாட்டில் உள்ளது. அதன்பின் கணக்கின் விவரங்களைத் தருமாறு தளத்திற்கு நீதிமன்றம் ஆணையிடலாம். வழக்கைச் சென்னையில்தான் தொடுக்க வேண்டும் என்பதில்லை. எதிர்வாதி வசிக்கும் இடத்திலோ, நம் பெயருக்குக் கேடு விளைந்த இடத்திலோ தொடுக்கலாம் என்கிறது உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு.

இடைக்காலத் தடை உடனே கிடைத்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். ஓர் ஊடக நிறுவனத்தின் கட்டுரை தொடர்பான வழக்கில் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், எதிர்த்தரப்பைக் கேட்காமல் இயந்திரத்தனமாகத் தடை விதிக்கக் கூடாது என்று கீழமை நீதிமன்றங்களுக்கு உணர்த்தியது. பொய் என்பது வெளிப்படையாகத் தெரியும் சான்று நம் கையில் இருக்க வேண்டும். ரசீதுக் கோப்பின் அருமை அப்போது விளங்கும்.

பதிவு வளைகுடாவிலிருந்து இடப்பட்டதா, உள்ளூரிலிருந்தா என்பதும் முக்கியம். பாபா ராம்தேவ் தொடுத்த வழக்கில் 2019 அக்டோபரில் டெல்லி உயர்நீதிமன்றம், இந்தியாவிலிருந்து ஏற்றப்பட்டதை உலகெங்கும் முடக்க வேண்டும், வெளிநாட்டிலிருந்து ஏற்றப்பட்டதை இந்தியாவில் தெரியாதவாறு தடுக்க வேண்டும் என்று வேறுபடுத்திக் கூறியது. அதை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீடு செய்தன.

வழக்குச் செலவை எண்ணித் தயங்குவோர்க்கு ஒரு சொல். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி பெண்கள் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். நீதிமன்ற வளாகத்தில் இயங்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

நான்காம் படி: குற்றவியல் நடவடிக்கை

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 499, 500 பிரிவுகள் இருந்த இடத்தில், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு உள்ளது. இரண்டாண்டு வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை என்பது தண்டனை. குற்றவியல் அவதூறுச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2016 மே மாதத்தில் தீர்ப்பளித்துள்ளது.

ஆயினும் இது காவல் நிலையத்தில் நேரடியாக வழக்குப் பதிந்து கைது செய்யும் குற்றம் அன்று. பாதிக்கப்பட்டவர் குற்றவியல் நடுவர் முன்னிலையில் தனிப்புகார் தாக்கல் செய்ய வேண்டும். "போலீஸ் எங்கள் புகாரை எடுக்கவில்லை" என்று வருந்துவோர் பலர் இதை அறியாதவர்களே. குற்றவியல் வழக்கு தண்டிக்கும். ஆனால் பதிவைத் தானாக நீக்கிவிடாது. அதற்கு உரிமையியல் ஆணை வேண்டும் என்பதையும் மறவாதீர்கள்.

பெண்களை இழிவுபடுத்தும் பதிவுகளின் நிலை வேறு. ஆபாசப் பதிவு, ஆள்மாறாட்டம், பின்தொடர்ந்து தொல்லை தருதல் ஆகியவற்றில் காவல்துறை உடனே வழக்குப் பதியலாம். தூத்துக்குடி மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் அளிக்கலாம்.

இதற்கு நாட்டிற்கே முன்னோடியான வழக்கு நம் தமிழகத்தில் நடந்தது. 2004-ஆம் ஆண்டு, மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்மணி, தம்மை மணக்க விரும்பிய ஒருவரை மறுத்தார். அவன் அப்பெண்ணின் பெயரிலேயே யாஹூ குழுக்களில் ஆபாசச் செய்திகளை இட்டு, தொலைபேசி எண்ணையும் வெளியிட்டான். முன்பின் அறியாதவர்களெல்லாம் அழைக்கத் தொடங்கினர். அப்பெண்மணி ஒடுங்கிப் போகவில்லை; பிப்ரவரியில் சென்னைக் காவல்துறையிடம் புகார் அளித்தார். மும்பையில் அவன் கைது செய்யப்பட்டான். செய்தி அனுப்பப்பட்ட இணைய மையத்தைச் சேர்ந்தோரும் சாட்சி சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பர் 5-இல் எழும்பூர் நீதிமன்றம் அவனைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து இரண்டாண்டுக் கடுங்காவல் விதித்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் இந்தியாவில் கிடைத்த முதல் தண்டனை என்று அவ்வழக்கு பேசப்படுகிறது. நம் வீட்டுப் பெண்களுக்கு இப்படி நேர்ந்தால், "வெளியே தெரிந்தால் மானம் போகும்" என்று மூடி மறைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மானம் போக வேண்டியது பதிவிட்டவனுக்கு.

ஜமாஅத் வழக்குத் தொடரலாமா?

"நம் ஜமாஅத்தையே இழிவுபடுத்தினால் ஜமாஅத் வழக்குப் போடலாமா?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அமைப்பையோ மக்கள் தொகுதியையோ அவதூறு செய்வதும் குற்றமே. ஆனால் அத்தொகுதி இன்னார் என்று வரையறுத்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். 1971 ஜனவரியில் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டின் தீர்மானம் ஒன்றைத் திரித்து வெளியிட்டதாக நாளிதழ்கள்மீது மாநாட்டு வரவேற்புக் குழுத் தலைவர் வழக்குத் தொடுத்தார். 1972-இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மாநாட்டில் கூடியிருந்த பெருங்கூட்டம் வரையறுத்த தொகுதி ஆகாது என்றது. நடிகை குஷ்பு மீது தொடுக்கப்பட்ட 23 புகார்களையும் 2010-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, புகார் செய்தவர்கள் சட்டப்படி பாதிக்கப்பட்டவர்கள் அல்லர் என்று கூறியது.

இதிலிருந்து நாம் பெறும் பாடம்: இந்த நிர்வாகக் குழு, இந்தப் பொருளாளர் என்று சுட்டினால் அவதூறு வழக்கு நிற்கும். சமுதாயம் முழுவதையும் பழித்தால், அது மதப்பகைமை தூண்டல் என்ற வேறு பிரிவின் கீழ் காவல்துறையிடம் கொண்டுசெல்ல வேண்டிய விஷயம்.

கேள்வியும் அவதூறும் ஒன்றல்ல

இனி, நமக்கே கசக்கும் பகுதிக்கு வருகிறோம். உண்மை அவதூறாகாது. பொதுநலன் கருதிச் சொல்லப்பட்ட உண்மையும், நல்லெண்ணத்தோடு கூறிய விமரிசனமும் 356-ஆம் பிரிவின் விதிவிலக்குகளில் அடங்கும். 1994 அக்டோபரில் நக்கீரன் இதழ் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், அதிகாரிகள் தம் பணி குறித்த விமரிசனத்தை முன்கூட்டியே தடை செய்ய இயலாது என்று வரையறுத்தது. பொதுப்பணியில் இருப்போர் கேள்வியைத் தாங்கித்தான் ஆக வேண்டும்.

அக்காணொளியில் பேசியவர் யாரென்று குரலைக் கேட்ட மாத்திரத்திலேயே நம்மில் பலர் அறிந்துகொண்டோம். அவர் நம் மஹல்லாவின் பிள்ளையே. வழக்கறிஞர் அறிவிப்புக் கண்டு வந்து, பெரியோர் முன்னிலையில் பதிவை நீக்கி, மன்னிப்புக் கேட்டார். "ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டோம். "இரண்டு முறை கணக்குக் கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. பலகையிலும் ஒட்டவில்லை" என்றார். திருடினார் என்று அவர் சொன்னது பொய். அதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆனால் இரண்டாண்டுகளாகச் சுற்றுச்சுவர்க் கணக்கை நாம் அறிவிப்புப் பலகையில் வைக்கவில்லை என்பது மெய். பொய் வளர்வதற்கு இடம் கொடுத்தது நம் மௌனம். பொருளாளர் பெருந்தன்மையோடு மன்னித்தார். ஆனால் நின்றுபோன சம்பந்தம் திரும்பவில்லை. காணொளியின் நகல்கள் எத்தனை கைப்பேசிகளில் உள்ளன என்பதும் எவருக்கும் தெரியாது.

அனுப்புபவரும் பொறுப்பாளியே

அந்த நகல்களை அனுப்பியவர்கள் நாம்தான். "நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்பது சட்டத்தில் தப்பும் வழியன்று. நடிகரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான எஸ்.வி. சேகர், பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018 ஏப்ரலில் பகிர்ந்தார். படிக்காமல் பகிர்ந்ததாகச் சொன்னார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். ஒன்றைப் பகிர்வது அதை ஏற்பதற்குச் சமம் என்று சென்னை உயர்நீதிமன்றம் அப்பொழுதே கூறியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றும் ரத்தாகவில்லை. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

நம் பெண்கள் பலர் தீப்பெட்டி ஆபீஸில் வேலை செய்தவர்கள். ஒரு குச்சி உரசினால் என்ன ஆகும் என்பதை அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வாளி மணலை அருகில் வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். நம் கைப்பேசிக்கு அந்த மணல், அனுப்புவதற்கு முன் ஒரு கணம் நிறுத்தி விசாரிப்பதே. செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளியுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கட்டளையிட்டிருப்பதை ஹஜ்ரத் அவர்கள் பலமுறை விளக்கியிருக்கிறார்கள்.

இப்பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைத்து அமர்கிறோம். ஒன்று, ஒவ்வொரு மாதமும் முதல் ஜும்ஆவன்று வரவு செலவுக் கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். கேட்பவருக்கு ரசீதும் காட்டப்பட வேண்டும். இரண்டு, அவதூறால் பாதிக்கப்படும் எவரும் முதல் வாரத்திற்குள் எங்கள் குழுவிடம் வர வேண்டும். பெண்களுக்கு உதவக் குழுவில் சகோதரிகள் இருவர் சேர்க்கப்பட வேண்டும். மூன்று, ஜமாஅத்தின் கைப்பேசிக் குழுக்களில், ஒருவரின் மானத்தைக் குறித்த எந்தப் பதிவையும் விசாரிக்காமல் அனுப்புவதில்லை என்று நாம் ஒவ்வொருவரும் உறுதி கொள்ள வேண்டும்.

நம் பொருளாளர் இன்று இச்சபைக்கு வந்திருக்கிறார்கள். கடைசி வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். அஸர் தொழுகையில் அவர்களை முன் ஸஃப்புக்கு அழைத்து நிறுத்துவது நம் கடமை. அதை எந்த நீதிமன்ற ஆணையும் செய்து தராது. நாம்தான் செய்ய வேண்டும்.

வல்ல அல்லாஹ் நம் நாவையும் விரல்களையும் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.